எட்டு எண்ணுவதற்குள்

ரயில்வே கேட்டை இறக்கி, அதை ஏற்றி இறக்கும் வின்ச்சின் கைப்பிடியில் பூட்டை மாட்டிவிட்டு, காத்து நிற்கிறவர்களை வீராயி ஒரு நோட்டம் விடுவார். சந்தையில் கோழி வாங்க வந்தவர் பார்க்கிற பார்வை அது. சுண்ணாம்புக்கல் லாரியில் பீடி பற்றவைக்கிற டிரைவர், கரும்பு டிராக்டர்க்காரர், டவுன் பஸ்ஸின் முன்சீட்டில் மடியில் பையோடு இருக்கிற வாத்தியார், புல்லுக்கட்டோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். இதில் ஒருவரைப் பொறுக்கி எடுத்துக் கம்பியருகே கூப்பிடுவார்.

“சார், இப்படி வாங்க. கையில ஒரு சைக்கிள் இருக்குன்னு வச்சுக்குங்க. கேட்டே கெடயாதுன்னு வச்சுக்குங்க. நீங்க அந்தப் பக்கம் போவணும். வண்டி தெரிஞ்சதும் ‘போலாம், போலாம்’னு சொல்லிக்கிட்டே இருங்க. இதுக்கு மேல போவ முடியாதுன்னு தோணறப்ப ‘நில்லு’ன்னு சொல்லுங்க. அவ்ளோதான். ரயிலு ஒங்கள ஒண்ணும் பண்ணாது.”

கூப்பிடப்பட்டவர் சுற்றிலும் பார்த்துச் சிரிப்பார். வடக்கே பாலத்துக்கு அப்பால் ரயில் புள்ளியாகத் தெரியும். வீராயி விதிப்படி ரயிலைப் பார்த்துப் பச்சைக் கொடியை நீட்டி நிற்பார். காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும். “போலாம்... போலாம்... போலாம்...” என்று வாத்தியார் பாடம் ஒப்பிக்கிறவர் போல் சொல்லிக்கொண்டே வருவார். “நில்லு” என்ற சொல் விழுந்ததும் வீராயியின் உதடுகள் அசையத் தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எஞ்சின் கேட்டைக் கடந்துவிடும். கடைசிப் பெட்டியும் போய் இரைச்சல் ஓய்ந்தபிறகு, கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி சொல்வார்.

“நாலு. நீங்க செத்துட்டீங்க சார்.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்ட எட்டு எண்ண வேண்டும். இது அவரே அளந்தது. தண்ணீர்க் கேனைக் கட்டிய சைக்கிளை இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிவரை தள்ளி, பத்துத் தடவை எண்ணிப் பார்த்திருக்கிறார். எட்டுக்கு மேல் நேரம் வைத்து ‘நில்லு’ சொன்னவர் பிழைத்தார். எட்டுக்குக் கீழே என்றால் ஒப்பாரிதான். வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அவர் கணக்கில் செத்துத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

அரியலூருக்கு வெளியே நான்காவது கிலோமீட்டரில் இருக்கிறது அந்த கேட். துறைக்கு அது ஒரு நம்பர். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அது ‘வீராயி கேட்டு’. புடவைக்கு மேல் நீலச் சட்டை போட்டு, முழங்கைவரை மடித்துவிட்டு, காலில் ரப்பர் செருப்போடு நிற்கிற நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. லாரிகள் உதிர்த்துப் போகிற வெள்ளைத் தூசி அவர் புருவத்தில் எப்போதும் இருக்கும். சோற்றுத் தூக்கை இரண்டு ரயில்களுக்கு நடுவே சரியாகப் பதினோரு நிமிடத்தில் காலி செய்வார். கேபின் போனைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பார். கேட் திறந்திருக்கும்போதுகூட, ஸ்டேஷனுக்குப் போன் போட்டு “வண்டி ஏதும் விட்டிருக்கீங்களா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் எதிர்ப் பக்கக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போவார். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்றால், “பாத்து என்னத்தக் கண்டோம்?” என்பார்.

நான் கண்ணாடிக் கடைக்காரன். பெயர் அப்துல் சலாம். லெப்பைக்குடிக்காட்டில் பிறந்தவன். கூடப்பிறந்தவர்கள் எல்லாம் வளைகுடாவுக்குப் போய்விட, நான் மட்டும் அரியலூர் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாகச் சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிக்கொண்டு ஊராரின் கண்ணைச் சோதித்து வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் மொபெட்டில் கிராமங்களுக்கும் போவேன். ஐம்பது வயதிலும் பலகையின் கடைசி வரியைக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வீராயி அதைத் தட்டி உட்கார வைத்தது 2002-இல் ஒரு வெள்ளிக்கிழமை.

ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டதே என்று கம்பியருகே தவித்துக்கொண்டிருந்தேன். “பாய், நீங்க வாங்க” என்றார். சொன்னேன். “மூணு. பாய் போயிட்டாரு” என்று லாரிக்காரர்களுக்கு அறிவித்துவிட்டுக் கேட்டைத் தூக்கப் போய்விட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம் வேண்டுமென்றே ரயில் நேரத்துக்கு வந்து நின்றேன். நாலு. என் தொழிலைச் சொல்லி, கடைசி வரியைச் சொல்லி, என் கண்ணில் கோளாறு இருக்க வாய்ப்பே இல்லை என்று வாதாடினேன்.

“கடைசி வரி எழுத்து சொவத்துல நிக்கிது பாய். வண்டி நிக்கிமா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி ஹபீபாவிடம் சொன்னேன். “ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறீங்க, ஒங்க கண்ண யாரு பாக்கறது?” என்று அவளும் தன் பங்குக்குக் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கும் வீராயிக்கும் சிநேகமாகிவிட்டது. அந்த வழியாகப் போகிற நாளெல்லாம் கேட் மூடியிருந்தால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஏன் எல்லோரும் ஏமாறுகிறார்கள் என்பதற்கு அவரிடம் விளக்கம் இருந்தது. யாரிடமும் படித்ததில்லை. நின்று நின்று கண்டது.

“அந்தாண்ட இருக்கறப்ப புள்ளி. நேரா நம்மளப் பாத்தே வர்றதால நவுர்றது தெரியாது. நிக்கிற மாதிரியே இருக்கும். ரொம்ப நேரம் புள்ளியாவே இருந்துட்டு, திடீர்னு வளந்துடும். வளந்தப்பறம் நம்ம கையில நேரம் கெடயாது. அதோட பாய், எலி ஓடுனா வேகமாத் தெரியுது, எருமை ஓடுனா மெதுவாத் தெரியுது. ரெண்டும் ஒரே ஓட்டமா இருந்தாலும் அப்படித்தான் தெரியும். இது எருமைக்கெல்லாம் எருமை.”

எங்கள் தொழிலில் எழுத்தின் அளவு உண்டு, லென்ஸின் பவர் உண்டு. வருகிற பொருள் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்று கண் போடுகிற கணக்கை அளக்க என் கடையில் ஒரு கருவியும் இல்லை. அதை ஒரு கொடிக்கம்பையும் எண்ணிக்கையையும் வைத்து இந்த அம்மாள் அளந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

விளையாட்டு சில சமயம் வம்பில் முடியும். ஒரு தை மாதம், கல்யாண வேன் ஒன்று மாட்டிக்கொண்டது. பட்டு வேட்டியும் மாலையுமாக இருந்த மாப்பிள்ளையை வீராயி கூப்பிட்டுவிட்டார். பையனும் உற்சாகமாக இறங்கி வந்து, ஐந்து எண்ணுகிற நேரமே மீதி இருக்கும்போது ‘நில்லு’ சொன்னான். “அஞ்சு. மாப்ள போயிட்டாரு” என்று வீராயி வழக்கம்போல அறிவித்தாரோ இல்லையோ, மாப்பிள்ளையின் தாயார் வேனைவிட்டுக் குதித்து, “நல்ல நாள் அதுவுமா என் புள்ளயப் பாத்து என்ன பேச்சு பேசற!” என்று ஆடித் தீர்த்துவிட்டார். வீராயி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கேட்டைத் தூக்கி, வேன் போகும்போது பையனிடம் மட்டும் தாழ்ந்த குரலில், “எங்கயாச்சும் கேட்டு இல்லாத எடத்துல லைனத் தாண்டறப்ப இதை நெனச்சுக்கப்பா” என்றார்.

நாய்கள் மட்டும் சாவதில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. “அது எங்க பாக்குது? கேக்குது.”

இன்னொரு கூட்டமும் சாவதில்லை. லைனில் வேலை செய்கிற கேங்மேன்கள். ஜல்லி அள்ளுகிறவர்கள், போல்ட்டு முடுக்குகிறவர்கள், தண்டவாளத்தின் மேலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள். அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினால் பன்னிரண்டு இருக்கும்போதே ‘நில்லு’ என்பார்கள். சிலர் பதினைந்து. ஒருவர்கூடப் பத்துக்குக் கீழே போனதில்லை. எனக்கு விளங்காத சங்கதி இங்கேதான் இருந்தது. லாரிக்காரரோ நானோ செத்தால் வீராயி சிரிப்பார். கேங்மேன் பிழைத்தால் அவர் முகம் வாடிவிடும். “பன்னெண்டு” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய் வின்ச்சைச் சுற்றுவார். பிழைத்தவனைக் கண்டு ஒருத்தர் ஏன் வருத்தப்பட வேண்டும்?

அது தெரிய எனக்கு ஒன்றரை வருஷமாயிற்று. ஐப்பசி மழை நாள் ஒன்றில், கூட்ஸ் வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுபோய், முக்கால் மணி நேரம் கேட் மூடிக் கிடந்தது. பஸ்ஸையும் லாரியையும் வேறு வழியில் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கேபினுக்குள் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தேன். வீராயி வாசலில் சாய்ந்து, மழைக்குள் தெரியாமல் போயிருந்த பாலத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர் கணவர் தங்கசாமி இதே லைனில் கீமேன். தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினம் ஆறு கிலோமீட்டர் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற ஆணிகளையும் சாவிகளையும் தட்டிப் பார்க்கிற வேலை. இருபத்தோரு வருஷம் நடந்தவர். குடிக்கிற பழக்கம் இல்லை. இங்கே சின்ன லைனை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டார்கள் அல்லவா, மாதக்கணக்கில் ரயிலே ஓடாமல் கிடந்து, பிறகு வேகமான பெரிய வண்டிகள் வரத் தொடங்கியதே, அந்த வருஷம். பெரிய வண்டி ஓடத் தொடங்கிய பதினோராவது நாள் காலையில், இந்த கேட்டுக்கும் அந்தப் பாலத்துக்கும் நடுவே தங்கசாமி ரயிலில் அடிபட்டு இறந்தார்.

“அன்னிக்கு வெடியக்காத்தால சண்டை பாய். நான் குட்டியிலேருந்து வளத்த கெடாய எனக்குத் தெரியாம அவரு தம்பிக்காக வித்துட்டாரு. கத்துனேன். அவரு ஒண்ணும் பேசல. பேசாம சோத்துத் தூக்க எடுத்துக்கிட்டுக் கெளம்புனாரா, அது எனக்கு இன்னும் ஆத்திரம். ‘போய்த் தொல’ன்னுட்டேன். தெனம் நூறு பொம்பள சொல்ற வார்த்ததான் பாய். அன்னிக்கு அவரு படலுகிட்ட நின்னு ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுப் போனாரு.”

விசாரணையில், கூட வேலை செய்த, கேங்குக்குத் தலைவரான மேட்டு தர்மராஜ் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: வண்டி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார், நகரவில்லை. துறை அதைக் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டு, கருணை அடிப்படையில் வீராயிக்கு கேட் வேலை கொடுத்தது. தங்கசாமியின் சொந்தபந்தம் அப்படி எழுதிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே நின்றவன் எப்படி விபத்தில் செத்தவனாவான்? ‘நாக்காலயே புருசனத் தள்ளிவிட்டா’ என்று காரியத்தன்றே சொல்லிவிட்டார்கள்.

“நீங்க செத்தா எனக்கு என்ன ஆச்சு பாய்? டிரைவரு செத்தா என்ன? நீங்கல்லாம் லைன்ல நடக்காதவங்க. ஏமாறுவீங்க. நடக்கறவன் எவனும் ஏமாறலையே. ஒருத்தன், ஒரே ஒருத்தன் அஞ்சுன்னு சொல்ல மாட்டானான்னு பாக்கறேன். எல்லாரும் பன்னெண்டு, பதினஞ்சுன்னே சொல்றானுவோ. இருவத்தோரு வருசம் நடந்தவரு மட்டும் எப்படி ஏமாந்திருப்பாரு? ஏமாறலன்னா...”

போன் மணி அடித்தது. வண்டி கிளம்பிவிட்டதாம். அவர் கொடியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.   மொபெட்டைக் கிளப்ப மனம் வராமல் நின்றேன். அத்தனை வருஷம் அத்தனை பேரை நிறுத்தி அவர் எண்ணியது எதற்காக என்று தெரிந்தபின், அந்த விளையாட்டில் எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

போன மாசியில், அதாவது இந்த 2005-ஆம் வருஷம், என் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். அரும்பாவூர்ப் பக்கம் மகள் வீட்டோடு இருப்பதாகவும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு இந்தப் பக்கம் வந்ததாகவும் சொன்னார். காலண்டரில் பொடி எழுத்து தெரியவில்லை, படிக்கிற கண்ணாடி வேண்டும் என்றார். பலகையின் எதிரே உட்கார வைத்தேன். தூரப் பார்வை பிரமாதம். கடைசி வரியை என்னைவிட வேகமாக வாசித்தார். பாராட்டினேன்.

“முப்பத்தோரு வருசம் ரயில்வே பாய். மேட்டு. வருசா வருசம் கண்ணு டெஸ்ட்டு வப்பான்” என்றார்.

சீட்டில் எழுதப் பெயர் கேட்டேன். தர்மராஜ் என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை நான். கேட் வீராயியைத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். அவர் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துண்டை இறக்கவில்லை.

“அந்தப் புள்ள மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் பாய் அந்த கேட்டுப் பக்கமே போறதில்ல. நான் பாத்ததத்தான் சொன்னேன். எரநூறு அடியில நின்னேன். வண்டி வருதுய்யா, தங்கசாமின்னு கத்துனேன். நவுரல. வண்டியப் பாத்துக்கிட்டே கையத் தூக்கி இப்படிக் காட்டுனாரு. அத நான் யார்கிட்டயும் சொல்லல. விசாரணையிலயும் சொல்லல. போயிட்டு வரேன்னு காட்டுன மாதிரி இருந்துச்சு. அதச் சொன்னா அந்தப் பொண்ணு உசுரோட இருக்குமா? மறுநாளே ஸ்டோர்ல வேல கேட்டு வாங்கிக்கிட்டேன். ரிட்டையர் ஆவற வரைக்கும் லைன்ல எறங்கல. பெரிய லைன்ல நான் நின்னது அந்தப் பதினோரு நாள்தான்.”

பேச்சை மாற்ற நினைத்தவர் போல, சோதனைக்குப் போட்டுவிட்ட கண்ணாடியோடு எழுந்து வாசலுக்குப் போனார். கடைக்கு ஒரே ஒரு படி. கால் வைக்கத் தெரியாமல் தடுமாறி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். “என்ன பாய், தரை மேல ஏறி வந்துடுச்சு!” என்றார். இருபத்திரண்டு வருஷமாக எல்லோருக்கும் சொல்கிற பதிலை நானும் சொன்னேன்: “படிக்கிற கண்ணாடியோட நடக்காதீங்க. புதுக் கண்ணாடின்னாலே மூணு நாளைக்கு இப்படித்தான் இருக்கும். கண்ணுக்குப் புதுசு பழகற வரைக்கும் காலு பழைய அளவுலதான் எறங்கும்.”

சொல்லி முடித்ததும் அது எனக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரை மறுபடி உட்கார வைத்தேன். சின்ன லைன் காலத்தில் பாலத்தருகே வண்டி தெரிந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்டேன்.

“நெறய நேரம் பாய். பீடி பத்தவச்சு நாலு இழுப்பு இழுத்துட்டு, சாமானத் தூக்கிக்கிட்டு மெதுவா ஒதுங்கலாம். அதெல்லாம் எண்ணறதில்ல. பாத்தாத் தெரியும். வண்டி இம்புட்டு பெருசாத் தெரிஞ்சா ஒதுங்கணும்னு கண்ணே சொல்லிடும்.”

“இப்ப சொல்லுமா?”

 நான் கடையைச் சாத்திவிட்டு அவரை மொபெட்டில் ஏற்றினேன். முதலில் மாட்டேன் என்றார், பிறகு வேறு ஒருநாள் என்றார், கடைசியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். 

கேட் மூடத் தொடங்கியிருந்தது. வீராயி வின்ச்சைச் சுற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தார். சுற்றுவது நிற்கவில்லை, பூட்டை மாட்டிவிட்டுத்தான் அருகே வந்தார்.

“வாங்கண்ணே” என்றார். குரலில் ஒன்றுமில்லை.

“நல்லா இருக்கியா தங்கச்சி” என்று தர்மராஜ் தரையைப் பார்த்துக் கேட்டார்.

நான் முந்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். இவரை ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள், இப்போதைய கேங்மேன்கள் பெரிய வண்டிக்குப் பழகிவிட்டவர்கள், இவர் சின்ன லைன் ஆள், பெரிய வண்டியில் கண் பழகாத ஆள், தூரப் பார்வை பழுதில்லை என்று நானே சோதித்தேன், என்றேன்.  வீராயிக்குப் புரிந்துவிட்டது. அவர் பயந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். இவரும் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் நிறுத்திப் பார்க்க ஆள் இல்லையே. வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் பாலத்துக்கு அப்பால் வெளிச்சப் புள்ளி தெரிந்துவிட்டது.

“சைக்கிள் இருக்குன்னு வச்சுக்குங்கண்ணே” என்று ஆரம்பித்தவர், மீதியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கொடியை நீட்டித் திரும்பி நின்றார்.

தர்மராஜ் கம்பியைப் பிடித்து, கால்களை அகட்டி நின்றார். “போலாம்” என்றார். அதில் பழைய மேட்டின் அதிகாரம் இருந்தது. “போலாம்... போலாம்...” அவசரமே இல்லை. பீடி பற்றவைத்து நாலு இழுப்பு இழுக்கிற நிதானம். கேங்மேன்கள் ‘நில்லு’ சொல்கிற இடம் தாண்டிவிட்டது. “போலாம்” என்றார். டிரைவர்களும் வாத்தியாரும் சொல்கிற இடம் தாண்டிவிட்டது. “போலாம்...”  வீராயி யாரையும் நடுவில் தூண்டிவிட்டதில்லை. அன்றைக்கு எங்களை நோக்கித் தலையைத் திருப்பி, “அண்ணே, சொல்லுங்கண்ணே!” என்று கத்தினார்.

தர்மராஜ் ரயிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளங்கையைக் காட்டினார். இரு, எனக்குத் தெரியும் என்று சொல்கிற கை. அது இறங்குவதற்குள் எஞ்சின் எங்களைக் கடந்தது. காற்று அவர் தலைத்துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது.

பெட்டிகள் ஓடி முடிகிறவரை அந்தக் கை அப்படியே நின்றது. வீராயிக்கு எண்ண ஒன்றும் இருக்கவில்லை. கொடியைச் சுருட்டாமல் தரையில் தேய விட்டபடி வந்தார்.

“நில்லுன்னே சொல்லலியேண்ணே.”

“நேரம் இருக்குன்னு நெனச்சேன் தங்கச்சி” என்றார் தர்மராஜ். சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. “தங்கசாமியும் இப்படித்தான் கையத் தூக்குனாரு. நான் கத்துனப்ப. ஏழு வருசமா ஒங்கிட்ட மறச்சேன். போயிட்டு வரேன்னு சொன்ன கைன்னு நெனச்சுட்டேன். இல்ல தங்கச்சி. இருய்யா மேட்டு, நேரம் இருக்குன்னு சொன்ன கை அது.”

இது எந்த விசாரணையிலும் நிற்காது. ஒருவர் கண் ஏமாந்ததை வைத்து இன்னொருவர் மனதில் என்ன இருந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எனக்கு அது தெரியும். என் வாயைப் பற்றி முன்பே சொன்னேன். அன்றைக்கு அது திறக்கவில்லை என்பதை என் புண்ணியத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. வீராயி கேட்டைத் தூக்கவில்லை. கம்பிக்கு அடியில் குனிந்து லைனுக்குள் போனார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, வடக்கே பாலத்தைப் பார்த்து நின்றார். அழப்போகிறார் என்று நினைத்தோம். இத்தனை வருஷத்தில் கணவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அவரு’, ‘அவரு’ என்றுதான் சொல்வார்.

“கூறு கெட்ட மனுசா!” என்று கத்தினார். லாரிக்காரர்கள் ஹாரனை நிறுத்திவிட்டார்கள். “பெரிய வண்டி விட்டுருக்கான்னு ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா? மேட்டு கத்தறாருல்ல, ஒதுங்குனா என்ன, கொறஞ்சா போவ? கையக் காட்டுறியா கைய? ஒங்கிட்ட இன்னும் எவ்வளவு கேக்க வேண்டியிருக்கு எனக்கு! பாதிச் சண்டையில எந்திரிச்சுப் போயிட்டியேய்யா!”

குனிந்து ஒரு ஜல்லிக் கல்லை எடுத்து, வடக்கே ஓங்கி எறிந்தார். அது தண்டவாளத்தில் பட்டுத் தெறித்து ஓடியது. அது நிற்கிறவரை பார்த்திருந்துவிட்டு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, மறுபடி குனிந்து, கொஞ்சம் பெரியதாக இன்னொன்றைத் தேடி எடுத்தார்.